வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டர் பாஸ்வேர்டு வேறு

கேள்வி: மாடியில் இரண்டு அறைகளைச் சனி, ஞாயிறு வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். வைஃபை பாஸ்வேர்டையும் கொடுப்போம். ஒரு வாரமாக வங்கி இணையதளத்தைத் திறந்தால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வருகிறது. என் லேப்டாப், மகன் போன், இரண்டிலும் இதே கதை. மொபைல் டேட்டாவில் ஒழுங்காகத் திறக்கிறது. ஆன்டிவைரஸ் போட்டும் பலனில்லை. என்ன செய்வது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய் பாஸ்வேர்டு எதுவும் அடித்தீர்களா? அடித்திருந்தால் இதைப் பிறகு படிக்கலாம், முதலில் மொபைல் டேட்டாவில் போய் வங்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

இரண்டு கருவியிலும் ஒரே கோளாறு, மொபைல் டேட்டாவில் இல்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் ரூட்டரில்தான். நீங்கள் அடிக்கிற இணையதளப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டுச் சொல்வது டிஎன்எஸ். எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்பது என்பது ரூட்டரில் பதிவாகியிருக்கும், அதை எவனோ மாற்றிவிட்டால் வங்கியின் பெயரை அடித்தாலும் அவன் வைத்திருக்கும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேருவீர்கள். ஆன்டிவைரஸ் லேப்டாப்பைத்தானே பார்க்கும், ரூட்டரை எங்கே பார்க்கப் போகிறது?

எப்படி மாற்றினான்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தி வீட்டு ரூட்டரைப் போன மாதம் கவிழ்த்துப் பார்த்தேன். தூசிக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர், யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின், மாட்டிய நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. வைஃபையில் சேர்ந்த யாரும் பிரவுசரில் 192.168.1.1 என்ற ரூட்டர் முகவரியை அடித்து, அந்த அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போகலாம். விருந்தினர்தான் செய்தார் என்று சொல்லவில்லை, அவர் போனில் இருக்கும் ஒரு கெட்ட ஆப்பே செய்துவிடும். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட கம்பெனியே வைத்து அனுப்பும் அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை மட்டும் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நெட் கனெக்ஷன் கொடுத்தவரிடம் லாகின் விவரத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் நெட்டே வராமல் போகலாம். அப்புறம் ரூட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும்வரை பத்துப் பதினைந்து விநாடி அழுத்துங்கள். மறுபடி செட் செய்யும்போது அட்மின் பாஸ்வேர்டை நீளமாக, வைஃபை பாஸ்வேர்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் வையுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியே இருந்து இன்டர்நெட் வழியாக ரூட்டரை மாற்றும் வசதி), டபிள்யூபிஎஸ் (வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனையோ பின் நம்பரையோ வைத்துச் சேரும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ்ஸின் 8 இலக்கப் பின் நம்பரை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது. ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள்.

மாடிக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாகக் கொடுங்கள், அதன் பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான்.

எல்லாம் முடிந்ததும் வைஃபையில் வங்கிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு கருவியில் மட்டும் எச்சரிக்கை இன்னும் வந்தால், அந்தக் கருவியில் டிஎன்எஸ் தனியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.