ரசத்தில் கலந்த பொடி

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 32 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய், கூடவே குடி. மனநல மருத்துவர் “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்கிறார். போதை மறுவாழ்வு மையத்திலோ, காதில் குரல் கேட்பவரை வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் உண்டா? ஜாதகத்தில் சந்திரன் நீசம் என்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி உறவினர் ஒருவர் குடியை நிறுத்தும் பொடி என்று வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சந்திரனை விடுங்கள். அந்தப் பொடியை இன்றே சாக்கடையில் கொட்டுங்கள்.

என் பெரிய மாமாவுக்கும் இந்த இரண்டும் இருந்தன. சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஓயாத பயம். அத்தை ஒரு வாய் தின்றுகாட்டிய பிறகே தட்டில் கை வைப்பார். அந்த அத்தைதான் யாரோ சொன்னார்கள் என்று ரசத்தில் பொடி கலந்தார். மது குடிக்காதவர்களை அது ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில், வழக்கம்போல் முதல் வாய் தானும் குடித்துக் காட்டினார்.

நான்காம் நாள் மாலை மாமா திண்ணையிலேயே விழுந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. ஓயாத வாந்தி. மருத்துவமனையில் கேட்டபோது அத்தை அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். படுக்கையில் கிடந்த மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. டைசல்ஃபிராம் இருந்தால் ஆபத்து. 1940களில் கோபன்ஹேகனில் கண்டறிந்த மதுவெறுப்பு மருந்து அது. மதுவை உடல் முழுதாகச் சிதைக்க விடாமல் பாதியில் நிறுத்தி, அசிட்டால்டிஹைடு என்னும் நச்சை ரத்தத்தில் தேங்க வைக்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்பவருக்கு நல்ல மருந்துதான். தெரியாமல் உண்டுவிட்டுக் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த வினை வரலாம். மனச்சிதைவு உள்ளவருக்கு அது நோயையே கிளறிவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மருத்துவர் பேசுகிறார், மையம் பேசுகிறது, ஜோசியர் பேசுகிறார், உறவினர் பேசுகிறார். தம்பி சொன்னதாக ஒரு வரி உண்டா? எதற்காகக் குடிக்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? குடித்தால் குரல்கள் சற்று அடங்குகின்றன என்று என் மாமா சொல்வார். ஆறு வருடம் தம்பியின் நோயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொடியைக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் களைப்பு புரியாமல் இல்லை. என் அத்தையும் அப்படிக் களைத்துப்போனவர்தான்.

கேட்டதற்கு வருகிறேன். மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தருவது மத்திய சமூகநீதி அமைச்சகம். மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையுடையது. இரண்டு கோப்புகளுக்கு நடுவே உங்கள் தம்பி நிற்கிறார். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போய், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மனஸ் சேவை இலவசம், இரவிலும் எடுப்பார்கள். வீட்டில் பூட்டி வைத்துக் குடியைத் திடீரென நிறுத்த மட்டும் முயலாதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் ஜன்னி கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாமா பிழைத்து வந்தார். அதன்பின் வீட்டில் சமைத்த எதையும் அவர் தொடவில்லை. வாழைப்பழம், அவித்த முட்டை, இளநீர், அவ்வளவுதான். தோலையும் ஓட்டையும் தானே உரிப்பார். அத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூடி திறக்காத பிராந்திப் பாட்டிலில் மட்டும் கடைசிவரை அவருக்குச் சந்தேகம் வரவில்லை.