மதினி சுமக்கத் தயார், வயலை விற்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 39, மனைவிக்கு 36. ஊர் கல்லிடைக்குறிச்சி. கட்டி வந்து அவளுக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். கருமுட்டையும் தேறாது என்கிறார் டாக்டர். தானக் கருமுட்டை, வாடகைத்தாய் எல்லாம் சேர்த்து 18 லட்சம், முன்பணம் 5 லட்சம் என்கிறார் ஒரு புரோக்கர். என் மதினியோ, "நான் சுமந்து தாரேன்" என்கிறார். அவருக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். எங்களிடம் 4 லட்சம் எஃப்.டி.யும் 40 பவுனும் இருக்கின்றன. 80 சென்ட் நஞ்சையை விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய்ச் சட்டத்தில் கூலிக்குச் சுமப்பதற்கு இடமே இல்லை. காசு கொடுத்து ஏற்பாடு செய்கிற தம்பதிக்கு முதல் தடவையிலேயே 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். கருமுட்டையை விலை பேசுவதற்கும் தடைதான்; பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலமாகத்தான் தானமாகப் பெற வேண்டும்.

மதினி முன்வந்தது பெரிய விஷயம். ஆனால் அவர் கருமுட்டையையே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; சுமப்பவர் கருமுட்டை தரக் கூடாது. வெளித் தானம் பெறலாம், விந்தணு உங்களுடையதாக இருக்க வேண்டும். 2024 திருத்தப்படி அதற்கு மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று தேவை. அப்புறம், "அஞ்சு பவுன் சங்கிலி போடுறோம்" என்று இப்போதே வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். நம் பக்கம் சீர் செய்யாமல் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் சட்டம் அனுமதிப்பது மருத்துவச் செலவு, அதைச் சார்ந்த செலவுகள், காப்பீடு, அவ்வளவே.

அந்தக் காப்பீடுதான் உங்கள் முதல் செலவு. மதினி பெயரில் 36 மாதத்துக்கு எடுக்க வேண்டும். அதுவும், மருத்துவ வாரியச் சான்றும், குழந்தை உங்களுடையது என்ற மாஜிஸ்திரேட் உத்தரவும் இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். இவை கைக்கு வரும்வரை சிகிச்சைக்கென்று யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

வயலை விற்க வேண்டாம். கருவை வைக்கிற நாளில் மதினியின் வயது 25-க்கும் 35-க்கும் உள்ளே இருந்தாக வேண்டும். உங்களுக்கு நேரம் குறைவு. அவசரத்துக்கு விற்கிறவனிடம் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்தில் ஒன்றாவது ஆண்டுதோறும் விளைகிற நிலம் அது.

நகையை வங்கியில் வையுங்கள். 40 பவுனையும் ஒரேயடியாக இல்லை. பில் வர வர 5, 10 பவுனாக. சும்மா கிடக்கிற கடனுக்கும் வட்டி ஓடும். பெர்சனல் லோன் பக்கம் போகாதீர்கள், அதற்கு வட்டி கூடுதல். முதல் முயற்சியே பலிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. விதிப்படி மூன்று முயற்சிகள் வரை செய்யலாம். அதனால் முதல் தடவைக்குப் பாதி நகைக்கு மேல் தொடாதீர்கள். பிசான அறுவடைப் பணம் வந்ததும் வட்டியையாவது கட்டிவிடுங்கள்.

எஃப்.டி.யைத் தொட வேண்டாம். குறை மாதத்தில் பிறந்து குழந்தையை இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் உடனே கை கொடுப்பது அந்த 4 லட்சம்தான்.