கோலிக்குண்டு எந்த இடத்தில் விழுந்தது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கோலிக்குண்டு உருண்டு இறங்கும் பாதை செட் வேண்டுமென்று அடம் பிடித்தான். கடை விலை கட்டுப்படியாகவில்லை. அட்டையை வெட்டி நானே செய்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வளைவில் குண்டு வெளியே விழுகிறது. அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான், நான் சரிசெய்து வைக்கிறேன். இதில் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்வானா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கட்டாயம் கற்றுக்கொள்வான், சரிசெய்யும் வேலையையும் அவனிடமே விட்டால். இப்போது அது நீங்கள் கட்டிய பாதை. அது கெட்டுப்போவதை வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை, அதனால்தான் கோபம். பிரித்துப் போட்டுவிட்டு, இரண்டே துண்டுகளோடு அவன் தொடங்கட்டும்.

வளைவில் விழுகிறது என்கிறீர்களே, பாடமே அங்கேதான் இருக்கிறது. உருளும் குண்டு நேராகப் போகவே பார்க்கும். பாதையின் சுவர்தான் அதைத் திருப்புகிறது. வேகம் இரண்டு மடங்கானால், அதே வளைவில் திருப்ப நான்கு மடங்கு விசை வேண்டும். சரிவைக் குறைக்கலாம், வளைவை அகலமாக்கலாம், வெளிப்பக்கத்தைத் தூக்கிவிடலாம். ஆனால் இதில் எதையும் அவனிடம் சொல்லாதீர்கள். "எந்த இடத்தில் விழுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். தெரியவில்லை என்றால் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்கட்டும்.

பொருளுக்குச் செலவே வேண்டாம். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் கொடுப்பார்கள். நீளவாக்கில் அறுத்தால் இரண்டு வாய்க்கால் (அறுப்பது உங்கள் வேலை). வயரிங் முடிந்து மிஞ்சிய ஒரு இன்ச் கேசிங் பட்டியும் நன்றாக உதவும். பச்சை வாழைப்பட்டையில் குண்டு வழுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்தால் சுருண்டுவிடும். அதையும் அவனே பார்க்கட்டும். ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப் போதும். பசை போட்டு ஒட்டிவிட்டால் மாற்றிப் பார்க்க யாருக்கும் மனம் வராது, மாற்றிப் பார்ப்பதுதான் இங்கே முழு விஷயமும்.

சீக்கிரமே, குண்டு தலைகீழாகச் சுற்றி வரும்படி நிமிர்ந்து நிற்கும் முழு வட்டம் போட வேண்டும் என்பான். வட்டத்தின் ஆரம் 10 செ.மீ. என்றால், அதன் அடிமட்டத்திலிருந்து குறைந்தது 27 செ.மீ. உயரத்தில் குண்டை விட வேண்டும் என்கிறது கணக்கு. உராய்வு இருப்பதால் நிஜத்தில் இன்னும் மேலே போக வேண்டும். எவ்வளவு மேலே என்பதை அவன் அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும்.

கலிலியோவும் இப்படித்தான் செய்தார். மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, வெண்கல உருண்டையை உருட்டி, ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். 1638-இல் வந்த அவருடைய நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. நேராக விழும் பொருளின் வேகத்தைப் பிடிக்க முடியாது. சரிவில் உருட்டினால் நிதானமாகக் கவனிக்கலாம்.

அதனால் அடுத்த பந்தயமாக இதை வையுங்கள்: அதே உயரத்திலிருந்து, குண்டு நடுவில் நிற்காமல், முடிந்தவரை மெதுவாகத் தரைக்கு வர வேண்டும். வேகமாக ஓடவிடுவதைவிட இது கடினம், ஒரு லீவு நாள் முழுக்கப் பிடித்து உட்கார வைக்கும்.

அப்புறம், வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கோலி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விளையாடி முடித்ததும் குண்டுகளை எண்ணி, கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.