ஐந்து பேர், இரண்டு ஏரிகள்

அன்புள்ள சார்,

வரும் செப்டம்பர் 12 முதல் 22 வரை ஜெர்மனி போகிறோம். ஐந்து பேர். கல்லூரி விடுதியில் ஒரே தாழ்வாரத்தில் இருந்தவர்கள், இப்போது ஐம்பத்துநான்கு வயது. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, கொலோன், நியூரம்பெர்க் பார்த்துவிட்டு மியூனிக்கில் முடிப்பதாகத் திட்டம். ஒருவன் வேன் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறான். இன்னொருவன் ஐசிஇ அதிவேக ரயிலைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டேன் என்கிறான். 'நண்பர்களோடு போனால் மெதுவான ரயிலில் போங்கள்' என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். காரணம் எழுதவில்லை. ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வருமா? ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கிறதாமே, வாங்கலாமா? திரும்பி வரும்போது ஐந்து பேரும் பேசிக்கொண்டிருப்பீர்களா என்பது என் மனைவியின் கேள்வி. முடிந்தால் அதற்கும் பதில் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

வேனை முதலில் தள்ளிவிடுகிறேன். வேனில் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார், மூன்று பேர் தூங்குவார்கள். ஓட்டுகிறவர் ரைன் நதியையும் பார்க்கமாட்டார், சாயங்காலம் வரை பியரையும் தொடமாட்டார். மூன்றாம் நாளிலிருந்து அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஊர் பார்க்கவேண்டியிருக்கும்.

ஐசிஇ நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட் விமானநிலையத்திலேயே ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொலோன். 2002இல் திறந்த பாதை, 300 கிலோமீட்டர் வேகம். ஆனால் அது நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிற பாதை. சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். கொலோன் வரும்வரை ரைன் கண்ணில் படாது. நதிக்கரையோடு போகும் பழைய பாதை வேறு. விமானநிலையத்தின் ரீஜனல் ஸ்டேஷனிலிருந்து (ரீஜனல் என்றால் ஊருக்கு ஊர் நின்று போகும் மெதுவான ரயில்) மைன்ஸ் போய், அங்கே ரயில் மாறி கோப்லென்ஸ், அப்புறம் கொலோன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மைன்ஸில் ஏறியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிங்கன் தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும், நதி ஜன்னலுக்குக் கீழே வந்துவிடும்.

எல்லோரும் லொரலைப் பாறையைச் சொல்வார்கள். ஓபர்வேசலுக்கும் சங்க்ட் கோவாருக்கும் நடுவே எதிர்க்கரையில் நிற்கிறது, சுமார் 130 மீட்டர் உயரம். கதை பெரிசு, பாறை பாறைதான். எனக்குப் பிடித்தது அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே காவுப் என்ற ஊருக்கு எதிரே வருவது: நதி நடுவில் ஒரு சின்னக் கோட்டை, வெள்ளைச் சுவரும் கூர்முனையுமாகக் கப்பல் நங்கூரம் போட்டதுபோல. பதினான்காம் நூற்றாண்டில் படகுகளை நிறுத்திச் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. ஆற்றின் நடுவில் டோல்கேட். வேன் நண்பரிடம் காட்டுங்கள். ஐசிஇயில் போனால் இந்த ஆறுதலும் அவருக்குக் கிடைக்காது.

கொலோனிலிருந்து நியூரம்பெர்க்குக்கு மட்டும் மெதுவான ரயில் வேண்டாம், பகல் முழுக்கப் போய்விடும். அந்த ஒரு நாள் ஐசிஇ நண்பர் ஜெயிக்கட்டும். இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை என்றாலும் ஐந்து பேர் என்பதால் செய்துவிடுங்கள். நடைமேடையில் ஏ, பி, சி என்று பகுதிகள் எழுதியிருக்கும், உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று பலகை சொல்லும். நீங்களும் சமர்த்தாக அங்கே போய் நிற்பீர்கள். ரயில் வர மூன்று நிமிடம் இருக்கும்போது ஓர் அறிவிப்பு வரலாம்: 'உம்கெகேர்ட்டெ வாகன்ரைஉங்'. பெட்டி வரிசை தலைகீழ் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரே சொற்றொடர் இதுதான். இரண்டு ரயில் சேர்ந்த ஐசிஇ 400 மீட்டர் நீளம். ஐம்பத்துநான்கு வயதில் பெட்டியோடு அந்த ஓட்டம் ஓடுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நேரத்துக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மன்காரனிடம் கேட்டால் சிரிப்பான். 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே சேர்க்காத கணக்கில். அதனால் எட்டு நிமிட இடைவெளியில் ரயில் மாறுகிற வழியை ஆப் காட்டினால் நம்பாதீர்கள். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் போய்ச்சேரும் ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் நிலை வந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

இனி அந்த ஒரே டிக்கெட் விஷயம். பவேரியா மாநிலத்தில் 'பயர்ன் டிக்கெட்' என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே சீட்டு, வார நாளில் காலை ஒன்பது மணியிலிருந்து மறுநாள் விடிகாலை மூன்று வரை ரீஜனல் ரயில்களில் செல்லும். நாடு முழுக்கச் செல்லும் ஒன்றும் இருக்கிறது. 2019 ஜூனில் நாங்களும் ஐந்து பேர்தான் போனோம். மியூனிக்கில் அந்தச் சீட்டை வாங்கி, ஐந்து பெயரையும் என் கையால் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டேகர்ன்ஸே என்ற ஏரிக்குக் கிளம்பினோம்.

பெட்டி முழுக்க சைக்கிள்கள். உட்கார இடமில்லை என்று மருந்துக்கடை நண்பனும் கணக்கர் நண்பனும் வேறு பெட்டிக்குப் போனார்கள். ஹோல்ஸ்கிர்ஷன் என்ற ஸ்டேஷனில் ரயில் கொஞ்சம் அதிகமாகவே நின்றது, ஏதோ அறிவிப்பு வந்தது. நாங்கள் மூவரும் விடுதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை போட்டது கோழியா வெறும் குழம்பா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். பெட்டிகளைக் கழற்றி வேறு திசைக்கு அனுப்புகிற ரயில்களை நம் ஊரில் பார்த்தே வளர்ந்தவன் நான், இருந்தும் உறைக்கவில்லை. அரை மணி கழித்து போன்.

"இறங்கிட்டோம்டா. ஏரி பிரமாதமா இருக்கு. நீங்க எங்க?"

எங்கள் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹோல்ஸ்கிர்ஷனில் ரயில் பிரிந்து ஒரு பகுதி பைரிஷ்ஸெல் பக்கம் போகிறது. அந்த வழியிலும் ஓர் ஏரி இருக்கிறது, பெயர் ஷ்லியர்ஸே. ஸ்டேஷனிலிருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர். அவர்கள் அதை டேகர்ன்ஸே என்று நினைத்து இறங்கிவிட்டார்கள். எங்கள் பகுதியும் ஷாஃப்ட்லாஹ் என்ற இடத்தில் இன்னொரு முறை பிரிந்தது, அங்கே தெய்வாதீனமாகச் சரியான பாதியில் இருந்தோம். ஒவ்வொரு பெட்டியின் பலகையிலும் அது போகும் ஊர் பெயர் தெளிவாக எழுதியிருந்தது என்பதைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். குற்றம் முழுக்க எங்களுடையது.

சீட்டு என் பையில். போகும்போது அவர்களை யாரும் சோதிக்கவில்லை. திரும்பும்போது அந்தத் துணிச்சல் வரவில்லை, இரண்டு பேருக்கு இன்னொரு பயர்ன் டிக்கெட் வாங்கினார்கள். சாயங்காலம் ஹோல்ஸ்கிர்ஷனில் எங்கள் பாதி வந்து நின்றது. பின்னால் இன்னொரு பாதி மெல்ல வந்து ஒட்டியது, ஒரு சின்ன உலுக்கல். நடைமேடையில் இரண்டு பேர் வெயிலில் முகம் கறுத்து, கையில் பேக்கரிப் பையோடு ஓடி வந்தார்கள். மனைவிக்குப் பதில் சொல்ல உதவும் என்பதால் இதையும் எழுதுகிறேன்: எங்கள் ஐவரில் ஒருவரோடொருவர் அதிகம் பேசாதவர்கள் அந்த இருவர்தான். கல்லூரிக் காலத்திலிருந்தே அப்படி. அன்றைக்கு ஏரிக்கரையில் ஆறு மணி நேரம் இருவர் மட்டும். என்ன பேசினார்கள் என்று எங்களிடம் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து நாங்கள் மூவர் போகாத இடங்களுக்கு அவர்கள் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு.

ஆகவே கூட்டு டிக்கெட் வேண்டாம். சீட்டு யார் பையில் இருக்கிறதோ அவர் வார்டன் ஆகிவிடுகிறார். மற்ற நால்வருக்கும் அவர் பின்னால் போவதைத் தவிர வழியில்லை. எங்கள் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது உங்களுக்கு இருக்கிறது: டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஒரு காலண்டர் மாதம் முழுக்க நாட்டின் எல்லா ரீஜனல் ரயிலும், டிராமும், ஊர் பஸ்ஸும் அதில் அடக்கம். ஐசிஇ கிடையாது. ஆளுக்கொன்று, போனில் இருக்கும். ஒருவர் கோப்லென்ஸில் இறங்கி ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் வரட்டும், இருவர் அருங்காட்சியகம் வேண்டாம் என்று அறையிலேயே படுத்துக்கொள்ளட்டும். மெதுவான ரயிலில் போங்கள் என்று நான் எழுதியது இதற்காகத்தான். அதில் முன்பதிவு இல்லை, இந்த ரயிலில்தான் போகவேண்டும் என்ற கட்டு இல்லை, விட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடுத்தது வந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தால் போதும்.

மியூனிக்கைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கிவிடும், அறை வாடகை ஏறும். முடிந்தால் வரிசையை மாற்றி அந்த ஊரை முதலில் முடியுங்கள், ரைன் கடைசியில் வரட்டும். அப்படிச் செய்தால் கொலோனிலிருந்து கீழே வருவீர்கள், ஜன்னல் இடது பக்கம்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா என்பதை மறக்கவேண்டாம். சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள், கிரெடிட் கார்டு ஏற்கிறவரிடம் வாங்குங்கள். ரத்து செய்வது அந்த மாதம் 10ஆம் தேதிக்குள். நீங்கள் கிளம்புவது 12. திருச்சியில் இருக்கும்போதே ஐந்து பேரும் ரத்து செய்துவிடுங்கள், செப்டம்பர் முடியும்வரை டிக்கெட் செல்லும். இல்லாவிட்டால் அக்டோபருக்கும் 63 யூரோ போய்விடும்.