வெளியே தெரியும் மரம்: வாங்கும் முன் என்ன கேட்பது?

கேள்வி: மரத்தாலேயே கட்டிய அடுக்குமாடியில் வீடு வாங்கப் பேசி வருகிறோம். உத்தரங்களும் கூரையும் எதனாலும் மூடப்படாமல் மரமாகவே தெரிகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. "கனமான மரம் எரியாது, இரும்பைவிட இதுதான் பாதுகாப்பு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. கனமான மரமும் எரியும். ஆனால் மெதுவாக எரியும், எவ்வளவு எரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடவும் முடியும். சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸை எட்டும்போது மரத்தின் மேற்புறம் கரியாகிறது. கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் நடுவில் இருக்கும் மரம் வெகுநேரம் தன் பலத்தோடு நிற்கிறது. மூடாத இரும்புக்கு இப்படி ஒரு கவசம் இல்லை. 550, 600 டிகிரி வாக்கில் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

கரியாகும் வேகத்தை ஐரோப்பிய வடிவமைப்பு நெறியான யூரோகோட் 5 எண்ணாகவே தருகிறது. மென்மரப் பலகைகளை ஒட்டிச் செய்யும் குளுலாம் உத்தரத்துக்கு அது நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரிக்கு அடியில் சூடேறி வலுவிழந்த மரத்துக்காக இன்னும் 7 மி.மீ. கழிக்க வேண்டும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு நெருப்பு படும் ஒவ்வொரு பக்கத்திலும் 42-உம் 7-உம் சேர்த்து 49 மி.மீ. போய்விடும். 200 மி.மீ. அகலமும் 400 மி.மீ. உயரமும் உள்ள உத்தரத்தில் இரு பக்கமும் அடிப்புறமும் நெருப்பு பட்டால், மிஞ்சுவது 102-க்கு 351 மி.மீ. மேலே இருக்கும் பாரத்தை அது தாங்குமா என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதே உத்தரம் 100 மி.மீ. அகலம் என்று வையுங்கள். மிஞ்சுவது 2 மி.மீ.! இந்த இரண்டையுமே "மரம் பாதுகாப்பு" என்ற ஒரே வாக்கியத்தில் விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

எனவே விற்பவரிடம் எத்தனை நிமிடத் தீயைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள் என்று கேளுங்கள். கரிக்கான கழிவைக் காட்டும் கணக்குத் தாளையும் கேளுங்கள். தாள் இருந்தால் தயங்காமல் தருவார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது உத்தரமும் தூணும் சேரும் இடத்தை நிமிர்ந்து பாருங்கள். இரும்புத் தகடும் போல்ட்டும் வெளியே தெரிந்தால், நெருப்பின் சூட்டை அவை நேராக மரத்துக்குள் கொண்டு போகும். மரம் நின்றாலும் இணைப்பு விட்டுவிடும். கவனமாகச் செய்த வேலையில் தகட்டை மரத்துக்குள் அறுத்த பிளவில் செருகி, போல்ட் தலையை மரத்துண்டால் அடைத்திருப்பார்கள்.

கேள்வி: சொந்தமாக வீடு கட்டுகிறோம். தீத்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டால் மெல்லிய உத்தரமே போதும், செலவு குறையும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?

பதில்: சரியில்லை. இந்தக் குழப்பத்தில் பணத்தை இழப்பவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தைப் பற்றித் தீ சம்பந்தமாக இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. மேற்பரப்பில் தீ எவ்வளவு சுலபமாகப் பற்றி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது ஒன்று. பற்றிய பிறகு அந்த உத்தரம் எத்தனை நிமிடம் பாரத்தைத் தாங்கி நிற்கும் என்பது மற்றொன்று. சாதாரண தீத்தடுப்புப் பூச்சும், மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் தீத்தடுப்பு உப்புகளும் முதல் கேள்விக்கான மருந்து. ஐரோப்பிய வகைப்பாட்டில் எதுவும் பூசாத மரம் பொதுவாக 'டி' வகுப்பில் வரும். நன்றாகப் பதப்படுத்தினால் 'பி' வரை உயரும். இது நல்ல முன்னேற்றம்தான். வீட்டில் இருப்பவர்கள் வெளியேற அவகாசம் கிடைக்கும். ஆனால் பெருந்தீ மூண்டபின் கரியாகும் வேகத்தை இது பெரிதாக மாற்றாது. பாரம் தாங்குவது பூச்சல்ல, மரத்தின் கனம்.

சூட்டில் நுரைபோல் உப்பி மரத்தை மூடும் பூச்சுகள் வேறு வகை. அவை கரியாவதைத் தள்ளிப்போடும். ஆனால் இரும்புக்காகச் சோதித்த சான்றிதழை மரத்துக்குக் காட்டினால் ஏற்காதீர்கள். எந்த மரத்தின் மேல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூசிச் சோதித்தார்கள் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். உங்கள் தளத்திலும் அதே அளவு பூசியதற்குப் பதிவு இருக்க வேண்டும்.

இன்னொன்று, காலம். சில உப்புகள் ஈரத்தில் கரைந்து வெளியேறும். இந்தத் தாக்குப்பிடிப்பை அளக்கவே ஈ.என். 16755 என்ற தரநிலை இருக்கிறது; வறண்ட உட்புறம், ஈரமான உட்புறம், வெளிப்புறம் என்று அது பிரிக்கிறது. மழை படும் இடத்துக்கு உட்புற வகையை வாங்கினால் சில ஆண்டுகளில் உங்களிடம் மிஞ்சுவது வெறும் மரம். பூச்சின் மேல் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு வார்னிஷை அடிப்பதும் ஆபத்து. மேல்பூச்சாக எதை அடிக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளை அடுக்கி ஒட்டிய சி.எல்.டி. பலகைக்கு இரண்டு விலைப்பட்டியல் வந்திருக்கிறது. கனம் ஒன்று, மரம் ஒன்று. விலை மட்டும் வேறு. ஏன்?

பதில்: காரணங்கள் பல இருக்கலாம். முதலில் பசையைக் கேளுங்கள். சூட்டில் இளகும் பசையாக இருந்தால், வெளி அடுக்கு முழுக்கக் கரியாகும் முன்பே கழன்று கீழே விழும். அடியில் இருக்கும் புது மரம் நெருப்புக்கு முகம் காட்டும். அணையப்போன தீ மீண்டும் எழும்பும். சோதனைக்கூடங்களில் இது திரும்பத் திரும்பத் தெரியவந்த பின்தான், வட அமெரிக்காவின் சி.எல்.டி. தரநிலையான பி.ஆர்.ஜி. 320-இன் 2018 பதிப்பு, பசையைக் கடுமையான தீச்சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றது. 2018-க்கு முந்தைய பதிப்பின் சான்றிதழைக் காட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு கட்டடத்தில் மரம் முழுவதையும் ஜிப்சம் பலகையால் மூடியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்ததில் சுவரும் கூரையும் திறந்தே இருக்கின்றன. எது சரி?

பதில்: உயரத்தையும் எந்தெந்தப் பரப்பு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. 2017-இல் வான்கூவரில் மாணவர் விடுதியாகத் திறந்த 18 மாடி பிராக் காமன்ஸ் கட்டடத்தில் மரத்தை ஜிப்சம் பலகையால் மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட நெறியின் 2021 பதிப்பும் அதே வழியில்தான் போனது: கனமரத்தில் 18 மாடி வரை கட்டலாம், ஆனால் மரம் முழுக்க மூடியிருக்க வேண்டும். 12 மாடி வரை ஒரு பகுதியைத் திறந்து விடலாம், 9 மாடி வரை பெரும்பகுதியைத் திறந்து விடலாம். 2024 பதிப்பு 12 மாடி வகையில் கூரையை முழுதாகத் திறந்துவிட அனுமதித்தது. எல்லாமே ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருக்கிறது என்ற அடிப்படையில்.

திறந்த மரமும் தீக்கு விறகுதான் என்பதை மறக்கக்கூடாது. 2021-இல் பிரான்சில் 350 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஒரு பெரிய அறையைக் கட்டி, மரக்கூரையைத் திறந்துவிட்டுச் சோதித்தார்கள். கூரை பற்றிய சில நிமிடங்களில் தீ மறுகோடிவரை ஓடிவிட்டது.

எதிரெதிரே இரண்டு மரச்சுவர்கள், அல்லது சுவரும் கூரையும் சேர்ந்து திறந்திருந்தால், ஒன்றின் அனல் மற்றொன்றை எரியவைத்துக்கொண்டே இருக்கும். அறையின் சாமான்கள் எரிந்து முடிந்தாலும் தீ அடங்காது. ஒரு பரப்பு மட்டும் திறந்திருந்தால் தானே அடங்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பார்த்த வீட்டில் இரண்டும் திறந்திருப்பதால், சாமான்கள் எரிந்தபின் தீ தானே அடங்கும் என்பதை எதை வைத்து உறுதிசெய்தார்கள் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதையும் கேளுங்கள். என் சொந்த விருப்பம்: கூரையை ரசியுங்கள், சுவரை மூடுங்கள்.

கேள்வி: குடிபோன பிறகு விளக்குக்கும் ஏ.சி. குழாய்க்கும் மரத்தில் துளை போடலாமா?

பதில்: இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவரிலும் தளத்திலும் கேட்காமல் போடாதீர்கள். குழாயைச் சுற்றி விடும் விரல் அளவு இடைவெளியே புகைக்கும் தீக்கும் வாசல். போட்டே ஆகவேண்டும் என்றால், மரத்தில் சோதித்த தீயடைப்புப் பொருளால் அடைக்கச் சொல்லுங்கள். சாதாரண நுரை போதாது.

கேள்வி: கட்டுமானம் பாதியில் இருக்கிறது. காப்பீடு வீடு முடிந்தபின் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. மரக் கட்டடத்துக்கு மிக ஆபத்தான காலமே அதுதான். ஜிப்சம் ஏறியிருக்காது, ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் வந்திருக்காது, வெல்டிங் நடந்துகொண்டிருக்கும். 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கட்டிக்கொண்டிருந்த மர ஆய்வுக்கூடம் எரிந்து அழிந்தது. திரும்பக் கட்டி 2017-இல்தான் திறந்தார்கள். கட்டுமானக் காலத்துக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா, அதில் மரக் கட்டமைப்பு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெல்டிங் முடிந்தபின் தளத்தில் எவ்வளவு நேரம் ஆள் காவல் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.