மேஜிக்கின் ரகசியம் தெரிந்துவிட்டால் அதை ரசிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

எனக்குத் தெரிந்து இல்லை. ரகசியம் தெரிந்தவர்களே வாய் பிளந்து பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஏழாவது படிக்கும்போது சித்தப்பாவோடு போன மேஜிக் மாநாட்டில்.

சித்தப்பாவுக்கு வேலை கூட்டுறவு வங்கியில். பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் வீடு என்று கூப்பிட்ட இடத்தில் எல்லாம் மேஜிக்கும் செய்வார். சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜிக்காரர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மாவிடம் வாதாடி என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்.

நாள் முழுக்கப் புறா பறக்கும் என்று நினைத்துப் போனேன். காலையில் போட்டி, மதியம் பாடம், ராத்திரிதான் ஷோ. சாப்பாட்டுப் பந்தியில்கூட எதிர் இலைக்காரர் கையில் சீட்டுக்கட்டு!

எனக்குப் பிடித்தது சாமான் விற்கிற ஸ்டால்கள்தான். பட்டுக் கைக்குட்டை, ஸ்பாஞ்ச் பந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் வளையங்கள். கடைக்காரர் செய்து காட்டுவார். எப்படி என்று கேட்டால் விலையைச் சொல்வார். காசு கைமாறிய பிறகுதான் ஓரமாகக் கூட்டிப்போய் விளக்குவார். நான் அடம்பிடித்து வாங்கியது ஒரு சொம்பு. பி.சி. சர்க்கார் தன் ஷோவில் நடுநடுவே வந்து கவிழ்ப்பாரே, 'வாட்டர் ஆஃப் இந்தியா', அதே வித்தை. ஒவ்வொரு முறையும் காலியாகும், மறுபடி எடுத்தால் தண்ணீர் கொட்டும்.

ரகசியம் இதுதான்: சொம்புக்கு இரட்டைச் சுவர். சுவர்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும். மேலே உள்ள சின்ன ஓட்டையை விரலால் மூடினால் காற்று போகாது, தண்ணீர் அப்படியே நிற்கும். விரலை எடுத்தால் உள்ளே இறங்கும். ஸ்ட்ராவின் மேல்முனையை மூடித் தூக்கினால் ஜூஸ் நிற்கிற அதே கணக்கு.

"இதுக்கா இவ்வளவு காசு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ராத்திரி வரைக்கும் பொறுடா" என்றார் சித்தப்பா.

ராத்திரி ஷோவில் வயதான ஒருவர் அதே சொம்போடு வந்தார். அரங்கில் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சொம்பு இருந்திருக்கும். அவர் கவிழ்த்தார், போனார். அடுத்த ஐட்டம் முடிந்ததும் வந்து மறுபடி கவிழ்த்தார். மூன்றாவது முறை தண்ணீர் கொட்டியபோது அவரே எரிச்சலாகிச் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. சித்தப்பா என் காதில், "விரலை எப்ப எடுத்தார், பார்த்தியா?" என்றார். அந்த விரலைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்த நான், அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா மேஜிக்குக்கும் இது பொருந்தாது. ஆளைப் பெட்டியில் போட்டு அறுக்கிற ஐட்டங்களில் பாதி வேலையைப் பெட்டியே செய்துவிடும், அதனால் ரகசியம் தெரிந்தால் கொஞ்சம் சப்பென்றுதான் ஆகிறது. கைவேலை அப்படி இல்லை. அமெரிக்காவின் பென், டெல்லர் ஜோடி கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்கிற செப்பிடு வித்தையைக் கண்ணாடி போன்ற கிண்ணங்களில் செய்து காட்டுவார்கள். பந்து எங்கே போகிறது, எப்போது உள்ளே வருகிறது, எல்லாம் வெட்டவெளிச்சம். ஆனாலும் அந்த வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. யூடியூபில் கிடைக்கும். பார்த்துவிட்டு வந்து, ரசிக்க முடியவில்லை என்றால் கமென்டில் திட்டுங்கள்.