அப்பாவின் லாட்டரிச் சீட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தீக்குச்சியைக்கூட எண்ணிச் செலவழித்தவர். சில ஆண்டுகளாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். சென்ற ஆண்டு பிரமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். நடுக்கம் குறைந்தது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளத் தொடங்கினார். ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை அம்மா சென்ற மாதம் திறந்தபோது, உள்ளே நூற்றுக்கணக்கான கேரள லாட்டரிச் சீட்டுகள் இருந்தன. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடைசெய்துவிட்டதால், பேருந்து ஏறி வாளையாறு தாண்டிப் போய் வாங்கி வந்திருக்கிறார். தேதிவாரியாக அடுக்கி, விடைத்தாள் கோப்பதுபோல் நூலில் கோத்து வைத்திருந்தார். அந்த மாத்திரை மூளையில் டோபமினைப் போல் வேலை செய்கிறது, டோபமின் மகிழ்ச்சிக்கான ரசாயனம் என்று படித்தேன். ஆனால் அப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி எதையும் நான் காணவில்லை. இது அவருடைய உண்மைக் குணமா, மாத்திரையின் வேலையா? அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் அல்லன். ஆகவே எனக்கு எழுதிய இதே விவரங்களை இந்த வாரமே அப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றமும் மனச்சோர்வும் வரக்கூடும். இது அரிதான விஷயமும் அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மாத்திரை உண்பவர்களில் 17.1 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், அளவற்ற கொள்முதல், பெருந்தீனி, மிகையான காமம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது; உண்ணாதவர்களில் அது 6.9 விழுக்காடு. வீட்டார் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை என்பதால்தான் இது பெரும்பாலும் மறைந்தே கிடக்கிறது.

முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்று நீங்கள் கண்டது, நீங்கள் படித்ததைவிடத் துல்லியமானது. 1954இல் மான்ட்ரியாலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மின்கம்பியைச் செருகி, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தபோது, எலிகள் ஓயாமல் அழுத்தின. அதைக் கண்டவர்கள் மூளையின் இன்ப மையம் அகப்பட்டுவிட்டதாக எண்ணினார்கள். டோபமினுக்கு மகிழ்ச்சிப் பட்டம் கிடைத்ததில் அந்த எண்ணத்துக்குப் பெரும் பங்குண்டு. பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமின் ஏறக்குறைய முற்றிலும் அழிக்கப்பட்ட எலிகளைக் கவனித்தார். அவை எதிரே இருந்த உணவைத் தேடிப் போகவில்லை, ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து செத்திருக்கும். ஆனால் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டால் எப்போதும்போல் உதட்டை நக்கிச் சுவைத்தன. சுவைக்கும் இன்பம் அப்படியே இருக்க, தேடிப் போகும் வேட்கை மட்டும் போயிருந்தது. உங்கள் அப்பாவிடம் நீங்கள் பார்ப்பது இதன் தலைகீழ் வடிவம்: வேட்கை பெருகியிருக்கிறது, இன்பம் அதற்கேற்பப் பெருகவில்லை.

நிகழ்தகவை வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒருவர், தோற்கத் தோற்க ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைப் பதிவுசெய்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்பு விளக்குக்கே துடித்தன, சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமற்போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அடங்கின. ஏமாற்றம் மூளைக்கு எட்டும் வழிகளில் அந்த ஒரு நொடி அடக்கமும் ஒன்று. டோபமினைப் போல் நடித்து, டோபமின் வந்து அமரவேண்டிய ஏற்பிகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் மாத்திரையோ, சீட்டு விழாத கணத்திலும் எழுந்து போவதில்லை. மருந்து உண்ணும் பார்க்கின்சன் நோயாளிகள் இழப்பிலிருந்து கற்பதில் பின்தங்குகிறார்கள் என்பதைச் சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கணக்கு மறந்துவிடவில்லை. தோல்வி சுடவில்லை, அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்நோயில் பெரிதும் அழிவது உடலசைவுக்கு டோபமின் அனுப்பும் அணுக்கள்; வேட்கைக்கு அனுப்பும் பக்கத்து அணுக்கள் அவ்வளவு அழிவதில்லை. காய்ந்த வயலுக்காக மடையைத் திறந்தால், ஈரமாகவே இருந்த அடுத்த வயலில் வரப்பு உடைகிறது. 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடலுக்குள் டோபமினாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. நடப்பதற்கும், நடந்துபோய் ஒன்றை அடைய விரும்புவதற்கும் உடல் ஒரே பொருளைத்தான் வைத்திருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட்டதும் வாளையாற்றுப் பேருந்தில் ஏற்றியதும் ஒரே மாத்திரைதான்.

உண்மைக் குணமா என்று கேட்டீர்கள். அந்த மாத்திரையை உண்ணும் ஆறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இப்படி ஆவதில்லை என்பதால், பரம்பரைக்கும் பழைய பழக்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் லாட்டரியை மட்டும் ரசாயனத்தின் கணக்கிலோ, உள்ளே ஒளிந்திருந்த குணத்தின் கணக்கிலோ எழுதிவிட்டு, தீக்குச்சி எண்ணிய சிக்கனத்தை வேறொரு கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுவும் இதே நரம்பணுக்களிலிருந்து வந்ததுதான். சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்தவர் அந்த ஆசிரியரே அல்லவா?

மருத்துவர் அளவைக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ பலருக்கு இந்த வேட்கை தணிகிறது. சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை பணப்பையை யார் வைத்திருப்பது என்பதை அப்பாவையும் உட்காரவைத்து, அவர் சம்மதத்தோடு முடிவுசெய்யுங்கள். அம்மாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டலாம். மருந்து குறையும்போது விரல்களின் நடுக்கம் ஓரளவு திரும்பக்கூடும், பொத்தானைப் போட்டுவிட வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.